ஸ்டென்ட் வைத்தவரும் ஆஸ்துமா உள்ளவரும் கனடாவுக்கு எந்த மாதம் போகலாம்?

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து 63 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவருக்கு 68 வயது, வங்கியில் வேலை பார்த்தவர். ஒரே மகன் டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் மனைவியோடும் 3 வயதுப் பையனோடும் இருக்கிறார். விசா வந்துவிட்டது, எப்போது கிளம்புவது என்பதில்தான் வீட்டில் இழுபறி.

மகன் டிசம்பரில் வரச்சொல்கிறார், கிறிஸ்துமஸ் விடுமுறையில் கூடவே இருக்கலாம் என்பதற்காக. கணவரும் அந்தப் பக்கம்தான், "பனி கொட்டுறதைப் பார்க்காம கனடா போய் என்ன பிரயோஜனம்" என்கிறாராம். அவருக்கு 2 வருடத்துக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பிரஷர் மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை, இரவில் ஒருவேளை இன்சுலின். பாதம் லேசாக மரத்துப்போயிருக்கிறது. இந்த அம்மாவுக்கு ஆஸ்துமா, முழங்கால் வலி. மார்கழிப் பனியிலும், பக்கத்துக் காலிமனையில் பார்த்தீனியம் பூக்கும்போதும் வீசிங் வருமாம். எதிர்வீட்டுக்காரர் "ஸ்டென்ட் வைத்தவர் குளிர் தேசத்துக்கே போகக்கூடாது" என்று பயமுறுத்தியிருக்கிறார். இன்னொருவர், படுக்கும் முன் கொஞ்சம் பிராந்தி குடித்தால் எந்தக் குளிரும் ஒன்றும் செய்யாது என்றிருக்கிறார். "ஏப்ரல், மே அங்கே வசந்தம், அப்போது போனால் எந்தத் தொந்தரவும் இருக்காதுதானே? போனால் 6 மாதம் இருந்துவிட்டு வரலாமா? 6 மாத மருந்தையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இவர் தினமும் விடிகாலையில் குளத்தை ஐந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் காபியே குடிப்பார்." மொத்தக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். எத்தனை டிகிரி குளிர், ஸ்டென்ட் தாங்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அங்கே போய் ஜெட்லாக் எல்லாம் தீர்ந்தபிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள், பேரன் டேகேரில் இருக்கிறான், வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும். அப்போது யார் துணையும் இல்லாமல் கதவைத் திறந்து ஒரு மணிநேரம் வெளியே நடந்துவிட்டு வர முடியுமா? முடிகிற மாதம் எதுவோ அதுதான் உங்களுக்கான மாதம். சுற்றுலாப் பருவம், டிக்கெட் விலை, பனி, பூ எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் வருகிற ஒரு தம்பதி, உங்கள் வயதுதான் இருக்கும், நவம்பரில் மகள் வீட்டுக்குப் போய் ஏப்ரலில் திரும்பினார்கள். ஒரு அவசரமும் வரவில்லை, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை. ஆனால் இங்கே தினமும் நடந்துகொண்டிருந்த மனிதர் அங்கே 5 மாதம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். போகும்போது 7.1 ஆக இருந்த மூன்று மாத சர்க்கரை அளவு திரும்பி வரும்போது 8.9. அந்த அம்மாவுக்கு எடை 5 கிலோ கூடி, முழங்கால் வலி இரண்டு மடங்கு. அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும் டாக்டர், பேசறதுக்கு ஜன்னல்தான்." டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் சூரியன் காலை ஏழே முக்காலுக்கு மேல்தான் எழும், மாலை 4.40 வாக்கில் மறைந்துவிடும். மொத்தம் 9 மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பகல், அதிலும் பல நாள் மேகமூட்டம். குளிரைத் தாங்குகிற உடம்பு இருந்தாலும் இந்த இருட்டு பெரியவர்களை வாட்டிவிடும். மகன்களுக்கு இது தெரிவதில்லை, அவர்கள் பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பவர்கள்.

குளிர் இதயத்தை என்ன செய்யும்

எதிர்வீட்டுக்காரர் சொன்னது பாதிகூட சரியில்லை. ஸ்டென்ட் வைத்து 2 வருடமாகி, நெஞ்சுவலி இல்லாமல், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, தினமும் நடக்கிற ஒருவர் குளிர் தேசத்துக்குப் போகவே கூடாது என்று எந்த இதய மருத்துவரும் சொல்லமாட்டார். கனடாவில் வீட்டுக்குள் குளிராது, ஹீட்டர் வைத்து 20 முதல் 22 டிகிரியில்தான் வைத்திருப்பார்கள். கடையும் காரும் அப்படித்தான். சும்மா அங்கே இருப்பதால் இதயத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஆபத்து வருகிற இடம் வேறு. குளிர்காற்று முகத்திலும் கையிலும் பட்டதும் தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும். உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை அது. குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும், இதயம் முன்பைவிடச் சிரமப்பட்டு ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கடினமான வேலையும் சேர்ந்தால்தான் சிக்கல். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். கடும்பனி கொட்டியதற்கு மறுநாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடியிருந்தது, பெண்களிடம் அப்படி இல்லை. வாசலில் குவிந்த பனியை மண்வாரியால் அள்ளித் தள்ளுவது பெரும்பாலும் ஆண்கள் என்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று அதைச் செய்தவர்கள் கருதினார்கள். ஈரப்பனி எவ்வளவு கனக்கும் என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் கணவரைப் போன்றவர்கள் "பையன் வேலைக்குப் போயிட்டான், நாமளே வாசலைச் சுத்தம் பண்ணிடலாம்" என்று இறங்குகிற ரகம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எந்த மாதம் போனாலும் சரி, அந்த மண்வாரியை அவர் தொடவே கூடாது.

அப்புறம் அந்த பிராந்தி. மது, தோலில் உள்ள ரத்தக்குழாய்களை விரியவைக்கும், அதனால் கதகதப்பாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் உடம்பின் உள்சூடு அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். இவர் இரவில் இன்சுலின் போடுபவர் வேறு, மது அருந்திவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். யோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் வேண்டாம்.

உங்கள் ஆஸ்துமாவுக்கு வேறு கணக்கு

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க 'இவர்' 'இவர்' என்றே எழுதிவிட்டு உங்களைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ மாதத்தை முடிவு செய்வதில் அவருடைய இதயத்தைவிட உங்கள் நுரையீரல்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தமிழில் இரண்டுக்கும் பனி என்றே சொல்கிறோம், அதனால் மார்கழிப் பனியில் வீசிங் வருகிற எனக்குக் கனடாப் பனியில் என்ன ஆகும் என்று பயந்திருக்கிறீர்கள். மார்கழியில் விடிகாலைக் காற்று அசையாமல் நிற்கும், அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் தூசியும் தரையோடு தங்கிவிடும். உங்களுக்குத் தொந்தரவு தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கனடாக் குளிர்காற்றின் பிரச்சினை அதன் வறட்சி. வாயால் அந்தக் காற்றை இழுத்தால் மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்கும், சிலருக்கு இரண்டே நிமிடத்தில் நெஞ்சு அடைக்கும். கம்பளித் துணியால் மூக்கையும் வாயையும் மூடி, மூக்கால் மூச்சுவிட்டு நடந்தால் இது பெருமளவு குறையும். அதைவிடப் பெரிய எதிரி வைரஸ். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஃப்ளூவும் மற்ற சளிக் காய்ச்சல்களும் உச்சத்தில் இருக்கும், வீட்டில் டேகேர் போகிற 3 வயதுக் குழந்தை வேறு. அவன் கொண்டுவருகிற ஒவ்வொரு சளியும் முதலில் பாட்டிக்குத்தான் வரும், ஏனென்றால் அவன் உங்கள் மடியில்தான் இருப்பான்.

குளிர்காலம் வேண்டாம் என்றால் வசந்தம் சரிதானே என்கிறீர்கள். இங்கேதான் நீங்கள் நினைத்ததைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. டொராண்டோ பக்கம் ஏப்ரலில் பகல் வெப்பமே சராசரியாக 11, 12 டிகிரிதான், சில நாள் பனியும் விழும். நம் ஊர் கத்திரி வெயிலிலிருந்து தப்பித்து அங்கே போய் இறங்கினால் அது உங்களுக்கு வசந்தமாகத் தெரியாது. கூடவே ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை பிர்ச் போன்ற மரங்களின் மகரந்தம், ஜூனில் புல் மகரந்தம். ஆகஸ்ட் நடுவிலிருந்து ராக்வீட் என்று ஒரு களைச்செடி பூக்கும், அங்கே ஒவ்வாமை உள்ளவர்கள் மிகவும் சிரமப்படும் காலம் அது. உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் பார்த்தீனியமும் அந்த ராக்வீட்டும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது நன்றாகத் தெரிந்த விஷயம். காலிமனைச் செடி பூக்கும்போது உங்களுக்கு வீசிங் வருகிறது என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆகஸ்டில் போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஜூலை, ஆகஸ்ட் பற்றி இன்னொன்று. அங்கே எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். ஜூலையில் பகல் 27 டிகிரி சராசரி, ஈரப்பதம் சேரும்போது உடம்புக்கு 40 டிகிரிபோல இருக்கிற நாட்களும் உண்டு. காட்டுத்தீப் புகையும் இப்போது கோடையோடு சேர்ந்துவிட்டது. 2023 ஜூனில் கியூபெக்கிலும் ஒன்டாரியோவிலும் எரிந்த காடுகளின் புகை டொராண்டோவையே மூடியது, ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். எல்லா வருடமும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் கோடை என்றால் பாதுகாப்பு என்று கணக்குப் போடாதீர்கள்.

மரத்துப்போன பாதம்

இதைக் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அடைப்புக்குறி விஷயமாகத் தெரியவில்லை. பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் குளிரில் விரல் உறைவது தெரியாது. அதைவிட அடிக்கடி நடப்பது இதற்கு நேர் எதிரானது: கால் சில்லென்றிருக்கிறதே என்று ஹீட்டர் காற்று வருகிற தரைத்துவாரத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்கள், சூட்டில் தோல் கொப்பளித்தபிறகுதான் தெரியும். வெந்நீர்ப் பையும் அப்படித்தான். இவர் கால் சூட்டுக்குப் பருத்தி சாக்ஸும் கம்பளி சாக்ஸும் மட்டும் போதும், தினமும் இரவு நீங்கள் அவர் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், நடுக்கம். இன்சுலின் போடுபவர் குளிரில் நடுங்கினால் எல்லோரும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அது தாழ்சர்க்கரை நடுக்கமாகவும் இருக்கலாம். முதலில் விரலில் குத்திப் பாருங்கள், வீட்டுக்குள் வந்து பாருங்கள், ஏனென்றால் சர்க்கரை பார்க்கும் கருவிகள் பல 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. பார்க்க முடியாத இடமாக இருந்தால் சர்க்கரையைக் கொடுத்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

சரி, எப்போது போவது?

செப்டம்பர் கடைசி வாரம் போய் இறங்குங்கள், நவம்பர் நடுவில் திரும்புங்கள். ஏறத்தாழ 7 வாரம்.

செப்டம்பர் ஆரம்பத்திலேயே போகலாமே என்று மகன் கேட்பார். ராக்வீட் அப்போது இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். பள்ளிகள் திறந்து குழந்தைகளிடம் சளி வைரஸ் சுற்றுவதால், அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் கனடாவில் ஆஸ்துமாவோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகும் என்பது அங்குள்ள மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வாரத்தைத் தாண்டிவிட்டுப் போங்கள். செப்டம்பர் கடைசியில் பகல் 20 டிகிரி வாக்கில் இருக்கும், ஊட்டியில் இருக்கிற மாதிரி. அக்டோபரில் 14. ஒரு ஜாக்கெட், மூடிய ஷூ, தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு உங்கள் கணவர் தினமும் ஒரு மணிநேரம் நடக்கலாம், பிராம்ப்டனில் நடைபாதைகள் நன்றாகவே இருக்கும். மேப்பிள் இலைகள் சிவந்து மஞ்சளாவதும் அந்தச் சமயத்தில்தான். வடக்கே அல்கான்குவின் காட்டில் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம், டொராண்டோ பக்கம் அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து. நயாகராவில் அருவிக்குப் பக்கத்தில் போகிற படகும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் போனால் கரையில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

மகனுக்கு விடுமுறை வேண்டும் என்கிறீர்களா? அக்டோபர் இரண்டாவது திங்கள் அங்கே நன்றிசெலுத்தும் நாள், சேர்ந்தாற்போல் 3 நாள் கிடைக்கும். இந்த வருடம் அது 12ஆம் தேதி, நவராத்திரி அதற்கு முந்தின நாள் ஆரம்பிக்கிறது. தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பேரனோடு கொலுவும் தீபாவளியும் சேர்ந்து கிடைக்கிற மாதிரி இன்னொரு பருவம் அமையாது. விமானக் கட்டணமும் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையும் டிசம்பர் நடுவிலும் எகிறுவதுபோல அப்போது எகிறாது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளுவார்கள், அதிலிருந்து மாலை 5 மணி வாக்கிலேயே இருட்டிவிடும். அது பழகி மனசு சோர்வதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

இந்தத் தேதி எதனாலோ ஒத்துவரவில்லை என்றால் அடுத்த வருடம் மே கடைசி முதல் ஜூலை முதல் வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். மர மகரந்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், புல் மகரந்தம் மட்டும் மிச்சம். இரவு 9 மணிவரை வெளிச்சம், நடக்க அதைவிட நல்ல காலம் இல்லை. புகை வருகிறதா என்று மட்டும் தினமும் காற்றுத் தர எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கே 1 முதல் 10 வரை போட்டிருப்பார்கள், 7க்கு மேல் போனால் வீட்டுக்குள் இருங்கள்.

6 மாதம் வேண்டாம். முதல் பயணத்தில் உடம்பும் மனசும் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பார்க்க 7, 8 வாரம் தாராளம்.

அவர் பனி பார்க்க வேண்டுமே

அந்த ஆசையைத் தட்டிவிட எனக்கும் மனசில்லை. 68 வயதில் ஒரு மனிதர் பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது எவ்வளவு நல்ல விஷயம். ஆனால் டிசம்பர் என்றால் பனி என்பது சினிமா பார்த்து வந்த நினைப்பு. டொராண்டோவில் கிறிஸ்துமஸ் அன்று தரையில் பனியே இல்லாமல் போகிற வருடங்கள் நிறைய. வேலையில்லாத இருட்டும் ஃப்ளூவும் மட்டும் கிடைத்து, பனி கிடைக்காமல் திரும்பினால் அவருக்குத்தான் ஏமாற்றம். நவம்பர் நடுவில் கிளம்புவதற்குள் முதல் பனித்தூறல் கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது. நிஜமான பனிக்குவியல் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி கடைசிதான் சரியான நேரம்: தரையில் பனி இருக்கும், பகல் 11 மணிநேரத்துக்கு நீண்டிருக்கும். இந்தப் பயணம் நன்றாகப் போனால் இன்னொரு வருடம் அவர் மட்டும் இரண்டு, மூன்று வாரம் போய்விட்டு வரட்டும். அந்தக் காற்றில் உங்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

இவ்வளவு சொல்லியும் வீட்டில் டிசம்பர்தான் என்று முடிவாகிவிட்டால் நான் அதைத் தடுக்கப்போவதில்லை, போகலாம். ஜனவரியில் டொராண்டோவில் பகலில் பூஜ்யத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் 7, மைனஸ் 9 வாக்கிலும் சராசரி, சில நாள் மைனஸ் 20க்கும் இறங்கும். நான் பயப்படுவது மைனஸ் 20 நாளுக்கு அல்ல, அன்று யாரும் வெளியே போகமாட்டார்கள். பகலில் பனி உருகி இரவில் உறைகிற நாட்கள்தான் மோசம். நடைபாதையில் கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டி படிந்து, வெறும் ஈரத்தரைபோலத் தெரியும். பிளாக் ஐஸ் என்பார்கள். முழங்கால் வலியுள்ள 63 வயது அம்மா அதில் வழுக்கினால் மணிக்கட்டோ இடுப்போ உடையும். அதனால் அடியில் பிடிப்புள்ள பனிக்கால பூட்ஸ் இல்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது, கையைப் பாக்கெட்டில் விடாமல் பாதத்தை முழுசாகப் பதித்துச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும், நடைப்பயிற்சியை மால் ஒன்றுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பெரியவர்கள் பலர் காலையில் மாலுக்குள் நடப்பவர்கள்தான். அதற்கு யாராவது தினமும் காரில் கொண்டுபோய் விட வேண்டும், அது முடியுமா என்று மகனிடம் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைக் கிளம்புவதற்கு 2 வாரம் முன்பே முடித்துவிடுங்கள், செப்டம்பரில் போனாலும் இது பொருந்தும்.

மருந்தும் இன்சூரன்ஸும்

6 மாத மருந்து என்பது சரிவராது. சொந்த உபயோகத்துக்கு 90 நாள் மருந்துக்கு மேல் கொண்டுபோகக் கனடா அனுமதிப்பதில்லை. நம் ஊர் மருத்துவரின் சீட்டைக் காட்டினால் அங்கே மருந்துக்கடையில் கொடுக்கமாட்டார்கள், அங்குள்ள மருத்துவர் எழுதித்தர வேண்டும். 7 வாரம் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, தாமதமானால் உதவும் என்று 2 வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் போட்டு ஒரு கடிதம் மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா மருந்தும் கைப்பையில். குறிப்பாக இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் உருகியபிறகு பார்க்க அப்படியே இருந்தாலும் வேலை செய்யாது. உங்கள் இன்ஹேலரும் கைப்பையில்தான், வெளியே போகும்போது ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில். குளிர்ந்துபோனால் அது சரியாகத் தெளிக்காது. இந்தியாவுக்கும் டொராண்டோவுக்கும் அக்டோபரில் ஒன்பதரை மணிநேர வித்தியாசம், போகும்போது நாள் நீளும். அந்த நாள் இன்சுலினை எத்தனை மணிக்கு, எவ்வளவு போடுவது என்பதைச் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பார்வையாளராகப் போகிறவருக்கு ஒன்டாரியோ அரசின் மருத்துவத் திட்டம் எதையும் தராது, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்துத் தருகிற பாலிசியை வாங்குங்கள், சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும், அதை மகனைப் படிக்கச் சொல்லுங்கள்: புறப்படுவதற்கு முந்தைய 90 நாளிலோ 180 நாளிலோ அந்த நோய் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று. மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, புது மாத்திரை சேர்ப்பது எல்லாம் பல பாலிசிகளில் 'மாற்றம்' என்றே கணக்காகும். அதற்காகத் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதனையை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது மே மாதம். ஜூன் நடுவுக்குள் அவர் இதய மருத்துவரையும் சர்க்கரை மருத்துவரையும் பார்த்து, மாற்ற வேண்டிய மருந்தை அப்போதே மாற்றிவிட்டால் செப்டம்பர் கடைசிக்கு 90 நாள் கணக்கு சரியாக வரும். ஸ்டென்ட் இருப்பதை மட்டும் படிவத்தில் மறைக்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் கால் உடைந்ததற்குக்கூடப் பணம் தரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு அது ஒரு காரணமாகிவிடும்.

இந்த வாரமே மகனுக்குப் போன் செய்து செப்டம்பர் கடைசி என்று சொல்லிவிடுங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிந்துவிடச் சொல்லுங்கள், இறங்கி மாறுகிற விமான நிலையத்தில் உங்கள் முழங்காலுக்கு அது தேவைப்படும். நாலைந்து கொலு பொம்மை எடுத்துப்போவதாக இருந்தால் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள், கைப்பையில் இருக்கிற இடம் மருந்துக்கு.